திருச்சிக்குப் போகும் மீன்

தூத்துக்குடியில் மீன் இறக்குமதி செய்யும் செண்பகராஜ் விடிந்ததும் குருவின் குடிலுக்கு வந்துவிட்டார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி, கப்பல்ல உறைய வச்சு வந்த பாசா மீனு இப்பதான் வண்டி ஏறியிருக்கு. போன தடவை திருச்சி போய்ச் சேரும்போது இளகிப்போச்சு. ஒரு ஓட்டல்காரனும் வாங்கலை. இந்தத் தடவையும் அப்படி ஆனா கடையை மூட வேண்டியதுதான்."

"திட்டம் என்ன?"

செண்பகராஜ் மளமளவென்று ஒப்பித்தார். துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்ததும் நேரே ஃப்ரீசர் வண்டிக்கு மாற்றியாயிற்று. முதலில் மதுரை, அப்புறம் திண்டுக்கல், கடைசியில் திருச்சி. திருச்சிச் சரக்கு உள்ளே, மதுரைச் சரக்கு கதவோரம். எங்கும் துழாவ வேண்டாம்.

"நல்லாத்தானே இருக்கு."

"அப்புறம் ஏன் சாமி இளகுச்சு? மெஷின் ஒரு நிமிஷம் நிக்கலையே!"

பதிலுக்குக் காத்திருக்க அவரால் முடியவில்லை. போனை எடுத்து டிரைவரை அழைத்தார்.

"இசக்கி, வண்டிய ஓரங்கட்டு. கதவைத் திறந்து ஒரு பெட்டியைத் தொட்டுப் பாரு. கல்லு மாதிரி இருக்கா? சரி, ஓட்டு."

குரு இட்லிப் பானையின் மூடியைத் திறந்தார். ஆவி குபுகுபுவென்று போயிற்று. ஓர் இட்லியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார்.

செண்பகராஜுக்கு மனசு அடங்கவில்லை. வண்டி அடுத்த ஊரைத் தொடுமுன் மறுபடி போன், மறுபடி அதே கேள்வி.

குருவும் மறுபடி மூடியைத் திறந்தார்.

"சாமி, இப்படித் திறந்து திறந்து பாத்தா இட்லி எப்படி வேகும்?"

"வேகுதான்னு தெரிய வேண்டாமா?"

செண்பகராஜ் சிரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த போனைப் பார்த்தார்.

அது அடித்தது. இசக்கிதான்.

"மொதலாளி, போன தடவை மாதிரியே திருச்சி வரைக்கும் அங்கங்க நிறுத்தித் திறந்து பாக்கணுமா?"

செண்பகராஜ் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"வேண்டாம்ல. திறக்காத. சரக்கு இறக்குற இடத்துல மட்டும் திற."

போனைத் தரையில் வைத்தார். அதை மறுபடி எடுக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார்.

"சாமி, இப்ப உள்ள மீன் எப்படி இருக்கும்?"

"தெரியாது," என்றார் குரு. "உட்காருங்க."