கிண்ணத்தில் கேரட் ஏன் நீர் விடுகிறது

காய்கறிக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஜெர்மனி என்ற குளிர் தேசத்தில் மார்த்தா என்றொருத்தி இருந்தாள். அவள் சமையல் லட்சணம் தெரியுமா? எதையும் ருசி பார்க்க மாட்டாள். முட்டைக்கோஸோ முள்ளங்கியோ, அடுப்பில் ஏறியதும் ஒரு கை சர்க்கரையை அள்ளிப் போடுவாள். அந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அதே பழக்கம்தான்.

கேரட்டுக்கு வயிறு எரிந்தது. அதன் உடம்பிலேயே தித்திப்பு இருக்கிறது. வேகவைத்த தண்ணீரோடு அந்தத் தித்திப்பைக் கீழே கொட்டிவிட்டு, மேலே சர்க்கரையைத் தூவினால் யாருக்குத்தான் கோபம் வராது? சாப்பிட்டவர்களோ, "அடடா, சர்க்கரை எவ்வளவு பொருத்தம்!" என்று சப்புக்கொட்டுவார்கள். ஜாடிக்குள் இருக்கும் சர்க்கரைக்குத் தலைகால் புரியாது.

இந்த அழகில் மார்த்தாவின் புருஷன் குந்தருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. காலில் புண். ஆறுவதாக இல்லை. "இனி சர்க்கரையைத் தொட்டால் காலை எடுக்க வேண்டியதுதான்" என்று வைத்தியர் கறாராகச் சொல்லிவிட்டார். குந்தர் கேட்டால்தானே! இனிக்காத தட்டைத் தள்ளிவிட்டு, "இதை மாட்டுக்குப் போடு!" என்று கத்திவிட்டுப் பட்டினி கிடந்தார். மார்த்தாவுக்கு மனசு தாங்கவில்லை. கேரட்டை எடுத்து வைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சர்க்கரை ஜாடியையும் பக்கத்தில் இழுத்து வைத்தாள். பிறகு விறகு எடுக்க வெளியே போனாள்.

"அடப்பாவி!" என்று சர்க்கரையைப் பார்த்துச் சீறியது கேரட். "அந்த மனுஷனுக்குக் காலே போகப்போகுது. இந்த வீட்டை விட்டுத் தொலைஞ்சா என்ன?"

"நான் போயிட்டா உன்னை எவன் சீண்டுவான்? நீ வெறும் மாட்டுத் தீவனம்!"

கேரட்டுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்திருந்த துருவியை நோக்கி உருண்டது.

"ஏய், நில்லு!" என்று பதறியது பக்கத்தில் கிடந்த எலுமிச்சை. "துருவிட்டா உனக்கு வாயே இருக்காது. உன் வம்சத்துக்கே இருக்காது."

"இத்தனை நாள் வாய் இருந்து என்னத்தைக் கிழிச்சேன்?"

சரக் சரக்கென்று கேரட் தன்னைத்தானே தேய்த்துக்கொண்டது, காம்பு மட்டும் மிஞ்சும் வரை. எலுமிச்சை பொறுக்கமாட்டாமல் தன்னை அதன்மேல் பிழிந்துகொண்டது. உப்பு தானாக வந்து விழுந்தது. எண்ணெய்க் குப்பியும் சாய்ந்தது.

விறகோடு வந்த மார்த்தா திகைத்துப் போனாள். ஆயுளில் முதல் தடவையாக ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். கிண்ணத்தை அப்படியே கொண்டுபோய்ப் புருஷன் முன்னால் வைத்தாள்.

குந்தர் அள்ளி அள்ளித் தின்றார். "இது சாப்பாடு! பார்த்தியா, சர்க்கரை போட்டதும் எப்படி இருக்குன்னு!"

கிண்ணத்தில் மிச்சமிருந்த கேரட் துடித்தது. இது என்னுடையது, என்னுடையது என்று கத்த அதற்கு வாய் இல்லை.

"சர்க்கரையா?" மார்த்தா வெடித்தாள். "ஜாடி மூடியைக்கூட நான் திறக்கலைங்க! மண்ணுக்குள்ள இருந்து வந்ததுக்கு இவ்வளவு ருசி இருக்கு, நாமதான் ஒரு நாளும் மதிக்கலை!" ஜாடியைத் தூக்கிப் பனியில் வீசினாள்.

அதைக் கேட்டும் கேரட்டின் மனசு ஆறவில்லை. அன்று தொடங்கியதுதான், துருவி உப்பும் எலுமிச்சையும் சேர்த்துவைத்த கேரட் கிண்ணத்தில் நீர் விடுவது. பார்த்தவர்கள் அழுகிறது என்பார்கள். அழுகையாவது ஒன்றாவது, அத்தனையும் ஆத்திரம்.