நாலு தடவை வைத்த குப்பி

டாக்டர் ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் ஸ்கேன் வேலை பழகிய திரவியத்துக்கு ஐம்பத்து மூன்று. பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த மனிதர். குரு சீடரை அண்ணே என்பார். சீடர் குருவை மேடம் என்பார். அதில் இருவருக்கும் குறையில்லை.

மண்டையைத் திறக்காமலே மூளையின் ரசாயனங்களை ஸ்கேன் மெஷினில் அளப்பது அவர்கள் ஆஸ்பத்திரியில் நடந்த ஆராய்ச்சி. ஒவ்வொரு ரசாயனமும் திரையில் ஒரு முகடாக எழும். மறதி நோயில், ஞாபகம் தப்புவதற்கு முன்பே ஒரு முகடு தணியலாம், இன்னொன்று உயரலாம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களும் வேண்டுமே. அதற்கு ஊழியர்கள் வீட்டு ஆட்களைக் கூட்டி வருவது வழக்கம். திரவியமும் மனைவி சவுந்தரத்தைக் கூட்டி வந்து, படிவத்தில் 'நோயற்றவர்' என்று தன் கையாலேயே எழுதினார்.

திரையில் தணியக்கூடாத முகடு தணிந்திருந்தது. மற்றது உயர்ந்திருந்தது.

மெஷினைக் குறை சொல்லும் புதியவர்களிடம், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கேலி பேசுகிறவர் திரவியம். அன்று அவரே மெஷினைக் குறை சொன்னார். தினமும் காலையில் மெஷினைச் சோதிக்க வைக்கும் குப்பியை எடுத்தார். அதே ரசாயனங்களை அளந்து கலந்த குப்பி அது. மூன்று தடவை வைத்துப் பார்த்தார். மூன்று தடவையும் மெஷின் இம்மி பிசகாமல் அளவு சொன்னது. முதலில் கோபம் வந்தது அவருக்கு. பிறகு பயம் வந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். இந்த ஒன்றை மட்டும் வைத்து நோயென்று முடிவு கட்ட முடியாது, இன்னும் பல சோதனைகள் உண்டு என்றார். மெஷின் தப்பு என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை குப்பியை வைக்கட்டுமா, மேடம்?"

"வைங்கண்ணே."

வைத்தார். சரியாகவே இருந்தது.

திரவியம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் எத்தனை நாளைக்கு அவளுக்கு என்னைத் தெரியும், மேடம்? அதையாவது இதுல பார்க்க முடியுமா?"

டாக்டர் குப்பியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். திரையை அணைத்தார்.

"அது இதுல தெரியாதுண்ணே. அண்ணி ரெண்டு மணி நேரமா வெளியே உட்கார்ந்திருக்காங்க. நீங்க வந்தாத்தான் சாப்பிடுவேன்னு டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்ல."