சடையப்பன் செம்பு

"அம்மா, நம்ம மடத்துல ஒருத்தன் கரையேறிட்டான்!"

மூச்சு வாங்க வந்து நின்றார் மாசிலாமணி. மலையடிவார மடத்துக்கு மூத்த சீடர் அவர். குரு ஆவுடைத்தாய் வயசில் இளையவர்தான். ஆனாலும் மாசிலாமணிக்கும் அவர் 'அம்மா'தான்.

"யாரு?"

"சமையக்கட்டு சடையப்பன்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அவனா? அடுப்போடகூட மல்லுக்கு நிப்பானே."

"அதான் அதிசயம்! இப்போ சண்டையே இல்லை. ரசத்துல உப்பு இல்லேன்னாலும் பேசாமக் குடிக்கிறான். காய் நறுக்கும்போது பாடுவானே, அதுவும் நின்னுபோச்சு. மௌனம்! ராத்திரி பூரா கண்ணைத் திறந்து உக்காந்திருக்கான். தவம்!"

"ம்."

"யாரையும் தொடவிடாத பித்தளைச் செம்பு, அவன் ஆத்தா குடுத்தது. அதையே என்கிட்ட தூக்கிக் குடுத்துட்டான். பற்று அறுந்துபோச்சு!"

செம்பை உயர்த்திக் காட்டினார். பெத்த பிள்ளை பரிசு வாங்கிவந்த மாதிரி முகம் பூரித்திருந்தது.

"மாலைகூடப் போட்டுட்டோம், அம்மா."

"வேற எதுவும் சொன்னானா?"

"சொன்னானே! இத்தனை வருஷம் படிச்சும் என் வாயில வராத வார்த்தை. 'நான் இல்லாமப் போயிட்டா நல்லாருக்கும்'னான்."

கீரைக் கட்டு கீழே விழுந்தது.

அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

சமையக்கட்டுக்குப் பின்னால், கழுத்தில் மாலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் சடையப்பன். அம்மா முதலில் மாலையைக் கழற்றினார். பிறகு பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"சடையா, பசிக்குதா?"

"தெரியல."

"தூக்கம்?"

"வரமாட்டேங்குது."

"செத்துப்போயிரலாம்னு தோணுதா?"

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞானியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

சடையப்பன் மெல்லத் திரும்பினான்.

"தோணுதும்மா."

அப்புறம் உடைந்து அழுதான்.

"யாருமே கேக்கலம்மா. எல்லாரும் கால்ல விழுந்தாங்க."

அம்மா அவன் கையை விடவில்லை.

"மாசிலாமணி, ஆட்டோவைக் கூப்பிடு. பெரியாஸ்பத்திரியில மனசுக்குப் பாக்கிற டாக்டர் இருக்காரு."

மாசிலாமணி குனிந்த தலை நிமிராமல் செம்பை நீட்டினார்.

"இதை என்ன பண்ண?"

"தேய்ச்சு வை. அவன் கேக்கிற வரைக்கும்."

மருந்து நடந்தது. தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சடையப்பன் பக்கத்தில் எந்நேரமும் ஓர் ஆள் இருந்தது. மாசிலாமணி தினமும் புளி போட்டுத் தேய்த்தார். செம்பு தங்கமாய் மின்னியது. கேட்க வேண்டியவன்தான் கேட்கவில்லை.

மழைக்காலம் பிறந்தது. ஒரு காலை, மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"அம்மா! சடையப்பன் என்னைத் திட்டிட்டான்!"

"என்னன்னு?"

"'யோவ் கிழட்டு எருமை, யாரைக் கேட்டுய்யா என் செம்பைத் தேச்சுத் தேச்சு ஓட்டை போடுறே? குடுய்யா இங்க'ன்னு!"

அம்மா எழுந்துவிட்டார்.

"'என் செம்பு'ன்னானா?"

"ஊருக்கே கேக்கிற மாதிரி சொன்னான், அம்மா!"