தலைகீழா நின்ன குச்சி

ஒரு ஊர்ல ஒரு அம்மா. ஊர்னா நம்ம ஊரு இல்ல, வடக்க, பனிமலை மேல. அந்தக் குளிர்ல மாவே புளிக்காது. அங்க போய் இட்லிக் கடை வச்சிருந்தான்னா எவ்ளோ பிடிவாதக்காரியா இருப்பா, பாத்துக்கோ. பேரு அழகம்மை. "ம்" சொல்லு.

"ம்."

அவளுக்கு ஒரு பொண்ணு, தேனம்மை. அந்த ஊர்ப் பசங்க கால்ல நீளப் பலகைய மாட்டிக்கிட்டு, ரெண்டு கையிலயும் குச்சிய ஊனிக்கிட்டு, மலையிலேர்ந்து சர்ர்ர்ருனு சறுக்குங்க. தேனம்மைக்கும் பெரிய மலையில சறுக்கணும்னு ஆசை. ஆனா சறுக்கச் சொல்லிக் குடுக்கற மாஸ்டர், "மூணு தடவ பாப்பேன். மூணுலயும் விழுந்தா குட்டிப் பசங்க மேட்டுக்குப் போயிடணும்"னுட்டாரு. குட்டி மேட்டுல யாரு? அவ தம்பி சாத்தப்பன், மூக்கு ஒழுக ஒழுக. அவனோட சறுக்கறதுக்கு சறுக்காமலே இருக்கலாம்.

அப்புறம் அம்மா குச்சி வாங்கப் போனா. "இதவிடப் பெருசா குடுங்க, வளர்ற புள்ள"ன்னா. கவுனு வாங்குனாலும் அதான், செருப்பு வாங்குனாலும் அதான். குச்சி தேனம்மை கழுத்து வரைக்கும் வந்துச்சு. மலை மேல போயி அத ஊனுனா, போலீஸ்ல மாட்டுன திருடன் மாதிரி ரெண்டு கையும் மேல. பலகை முன்னால போச்சு, அவ பின்னால போனா. தொபுக்கடீர்!

"அடிபட்டுச்சா?"

மலைக்கா? இல்ல.

அப்புறம் பக்கத்து வீட்டு குல்தீப்போட குச்சிய இரவல் வாங்குனா. இந்தத் தடவ ஹால்ல நின்னு அளந்தே பாத்தா. முழங்கை, தண்ணிச் சொம்பு ஏந்துற மாதிரி அழகா மடங்குச்சு. "கச்சிதம்!"னா அம்மா. ஆனா மலையில, குச்சி முனை சதக்குனு பனிக்குள்ள எறங்கிடுச்சு. அடியில ஒரு வட்டு இருக்கும், அது வரைக்கும். கால்லயோ கனத்த பூட்ஸு. அவ ஒசந்துட்டா, குச்சி குட்டையாயிடுச்சு. வாசல் கூட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டே போயி... தொபுக்கடீர்!

அப்போ பனியில உக்காந்தே யோசிச்சா. நேரா வீட்டுக்கு வந்தா.

"அம்மா, வெறுங்கால்ல அளந்ததுதான் தப்பு. ஹால்ல பூட்ஸோட நின்னு அளக்கணும்."

"சாமி படம் இருக்கற ஹால்லயா? நீ தலைகீழா நின்னாலும் செருப்பு உள்ள வராதுடி!"

"வெளிய பனி. குச்சி முழுகுதே."

"முழுகட்டும்."

தேனம்மை வெறுங்காலோட உள்ள போயி தன்னோட நெட்டைக் குச்சிய எடுத்து, தலைகீழா நிறுத்துனா. பிடி தரையில, முனை மேல.

"நான் நிக்கலம்மா, குச்சி நிக்குது. வட்டுக்கு மேல இருக்கற முனை பனிக்குள்ள போறது, கணக்குல வராது. வட்டுக்குக் கீழ புடிச்சா முழங்கை சொம்பு ஏந்தணும். மிச்சத்த வெட்டிடலாம். ஆனா ஒரு தடவதான் வெட்ட முடியும். கூட வெட்டிட்டா நான் சாத்தப்பன் மேட்டுக்குப் போகணும்மா."

முழிச்சிருக்கியா?

"ம்... செருப்பு உள்ள வந்துச்சா?"

அம்மா பொண்ணப் பாத்தா. தொடச்ச தரையப் பாத்தா. அப்புறம் பழைய பேப்பர விரிச்சா. "இதுக்கு மேலயே நில்லு. முருகா, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்துக்கோ."

டொக்... டொக்... அந்த வீட்டுக்குள்ள மொத மொதல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கை நாலு விரக்கடை ஒசந்து நின்னுச்சு. அம்மா பிடியக் கழட்டி, மேல்பக்கத்துல கிர்ரு கிர்ருனு நாலு விரக்கடை அறுத்து, மறுபடி பிடிய மாட்டுனா. ரெண்டு குச்சிக்கும்.

மூணாவது தடவ. சதக்... சதக்... சர்ர்ர்ர்! முழங்கை ரெண்டும் சொம்பு ஏந்துனபடியே இருக்க, பெரிய மலை மொத்தமும் எறங்கி, அம்மா முன்னாடி வந்து நின்னா.

"அக்கா, என்னையும் கூட்டிட்டுப் போ!"ன்னான் சாத்தப்பன்.

"மொதல்ல மூக்கத் தொடச்சுக்கோ."

வெட்டுன ரெண்டு துண்டு இருக்குல்ல? அத அம்மா தூக்கிப் போடல. துணி சுத்தி, பரண்ல பத்திரமா வச்சிருக்கா. கேட்டா, "வளர்ற புள்ள, திரும்ப ஒட்டிக்கலாம்"ங்கறா.

"ம்..."

குச்சி படுத்தாச்சு, பூட்ஸு வெளிய போயாச்சு, கதையும் மலை எறங்கியாச்சு. நீ கண்ண மூடு.