விடைக்குறிப்புக்கு ஒரு டோக்கன்

கல்லூரியைத் தொடங்கிய பெரியவர் ஒரு விழாவில் சொன்னாராம்: “நூலகத்துக்குள்ள வெறுங்கையோட போறவன்தான்…” மீதியை மைக் விழுங்கிவிட்டது. அந்தப் பாதியைத்தான் இன்னமும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வரலாற்று ஆசிரியர் தேவசகாயம் வேகமாக நூலகத்துக்குள் வந்தார்.

“மேடம், இந்தப் பிள்ளைங்களுக்குப் புத்தகத்துல தேடக் கத்துக்கொடுக்க என்னால முடியல.”

நூலகர் குழல்வாய்மொழி நிமிர்ந்தார். தேவசகாயத்துக்குத் தேடக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

“என்ன ஆச்சு?”

“ஊருக்கு ரயில் எப்ப வந்தது, எந்தப் புத்தகத்துல பார்த்தீங்க, அது எங்க இருக்குன்னு கேட்டேன். எல்லாரும் எழுதிட்டாங்க.”

“நல்லதுதானே?”

“ஜன்னலோரம், கீழ்த்தட்டுன்னு எழுதியிருக்காங்க.”

இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கோடை விடுமுறையில் அங்கிருந்த அலமாரியை நகர்த்தியாகிவிட்டது. இப்போது குடிதண்ணீர் இயந்திரம் நிற்கிறது.

சிரித்து முடிக்கக் குழல்வாய்மொழிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“போன வருஷத்துப் பிள்ளைங்க கொடுத்த விடை. கேள்வியும் போன வருஷத்துதானே?”

“நல்ல கேள்வி மேடம். வருஷா வருஷம் அதைத்தான் கேட்கிறேன். இன்னொரு தடவை காப்பியடிச்சா நூலக வகுப்பையே நிறுத்திடுவேன்னு முதல்வர் சொல்லிட்டார்.”

“கையில என்ன?”

“விடைக்குறிப்பு.”

குழல்வாய்மொழி அதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். மாணவர்கள் பை வைக்கும் தட்டில் வைத்தார். ஒரு டோக்கனை எடுத்து நீட்டினார்.

“வெளியே வைக்கிறதை வெளியே வச்சிட்டுத்தான் உள்ளே வரணும் சார். பிள்ளைங்களுக்கு மட்டுமா சட்டம்?”

“விடை இல்லாம எப்படிக் கேள்வி கேட்கிறது?”

வெளியே பேருந்து வந்து நின்றது. “ஆனைப்பாலம் எறங்கு, ஆனைப்பாலம்” என்று நடத்துநர் கத்தினார்.

“தினமும் இங்கதானே இறங்குறீங்க. பாலம் எங்க சார்?”

“பாலமா? இல்லையே.”

“ஆனை?”

தேவசகாயம் தலையைச் சொறிந்தார்.

“தெரியல மேடம். உங்களுக்கு?”

“எனக்கும் தெரியாது.”

மறுநாள் தேவசகாயம் வகுப்பில் கரும்பலகையில் எழுதினார்: ‘ஆனைப்பாலத்தில் பாலம் எங்கே?’

வகுப்பு சிரித்தது.

“சீனியர்கிட்ட கேட்டாலும் கிடைக்காதே சார்,” என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. “விடையை நீங்களே சொல்லிடுங்களேன்.”

“எனக்கும் தெரியாதும்மா. வாங்க, போய்ப் பார்ப்போம்.”

நூலக வாசலில் எல்லோரும் பையை வைத்து டோக்கன் வாங்கினார்கள். தேவசகாயத்தின் சட்டைப்பையில் நேற்றைய டோக்கன் இருந்தது.

அதை அவர் திருப்பிக் கொடுத்து விடைக்குறிப்பை வாங்கவில்லை.