இருபது வளைவுக்கு ஒரு சாவி

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைச்சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது இன்ஜின் பாடு, இறங்குவது பிரேக் பாடு. இந்தக் கதை இறங்குவதைப் பற்றியது. சாவி ஒன்று, அதற்குக் கை நீட்டியவர்கள் மூன்று பேர். யார் கையில் வைப்பது என்று கடைசியில் உங்களைத்தான் கேட்கப் போகிறேன், அதனால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் சவரியப்பன் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். பழைய வண்டி என்றால் ஜில்லா முழுவதும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு அவரும் ஒருநாளும் சலித்ததில்லை. பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு வரி இருந்தது: ‘பிரேக் கட்டியவரே முதலில் மலை இறங்குவார்.’ வண்டிக்காரர் உயிரை வைத்துச் சோதனை பார்க்கக் கூடாது, சரியாகிவிட்டது என்று சொன்னவர் தன் கழுத்தை முதலில் வைக்கட்டும் என்று அவரே எழுதியது. இருபத்து மூன்று வருஷத்தில் அவர் பட்டறை பிரேக் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நாளடைவில் அந்த முதல் இறக்கம் மாலை போடுகிற மரியாதையாகவே ஆகிப்போனது.

காபித் தோட்டத்துப் போஜராஜன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் வந்த தம் வெளிநாட்டு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார். பதினெட்டு வருஷம் மலைப் பனியில், கொட்டகையில் நின்ற வண்டி. இன்ஜின் பிழைத்துக்கொண்டது, முன் சக்கரத்துக் காலிப்பர்தான் செத்துக் கிடந்தது. சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற அலுமினியப் பிடி அது. உள்ளே பேடுகளைத் தட்டின்மேல் தள்ளுகிற இரண்டு பிஸ்டன்களும் இறுகிப்போய், அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருந்தது. தூக்கிப் போடுங்கள் என்று நாலு பட்டறைகளில் சொல்லிவிட்டார்களாம். ஏற்காட்டில் பழைய வண்டிகளின் பேரணிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

சவரியப்பன் சுத்தியலைத் தொடவில்லை. கிரீஸ் அடிக்கும் கன்னைப் பிரேக் ஆயில் துளையில் பொருத்தி, ஒரு நாளைக்கு நாலே அழுத்து என்று பொறுமையாக அழுத்தினார். ஏழாம் நாள் பிஸ்டன்கள் இரண்டும் காலிப்பருக்கு ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தன. பிறகு உள்ளே பூத்திருந்ததை எல்லாம், ரப்பர் சீல் உட்காரும் வளையப் பள்ளம் உட்படச் சுரண்டிக் கழுவினார்.

அந்தப் பிஸ்டன்களில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தது. அடுத்த கடையில் லேத் வைத்திருக்கும் தில்ஷாத், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாகக் கடைந்து கொடுத்தாள். மூன்று கடைந்து, யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு குறைக்காக ஒன்றைக் கழிவு டிரம்மில் போட்டவள் அவள்.

பட்டறையில் பிரேக் வேலை பார்க்கும் பரிமளம் புதுச் சீல் போட்டு, பிஸ்டன்களை மாட்டி, ஆயில் ஊற்றி, காற்றுக் குமிழி போகும்வரை ஆயிலை வடியவிட்டு முடித்தாள். பிரேக் லீவர் கல் மாதிரி நின்றது.

“முடிஞ்சுது” என்றார் சவரியப்பன். “பேரணிக்குப் புதுச்சட்டை தைக்கக் கொடுக்கணும்.”

ஆளாளுக்கு லீவரைப் பிடித்துப் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தார்கள். பரிமளம் லீவரை விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். ஒன்றரைச் சுற்றில் நின்றது.

“அண்ணே, நல்லாப் பிடிக்குது. ஆனா விடமாட்டேங்குது.”

“புதுப் பேடும்மா. ரெண்டு மைல் ஓடினா தானாச் சரியாயிடும்.”

“என் பிஸ்டன்ல குறை கிடையாது, பரிமளம். வேணும்னா அளந்து பாத்துக்க” என்றாள் தில்ஷாத்.

“உங்க ரெண்டு பேரையும் நான் சொல்லல. மாட்டுனது நான்தானே, நானே கழட்டிப் பாக்கறேன்.”

கழற்றினாள். சீலை நெம்பி எடுத்ததும், பள்ளத்தின் மூலையில் நூல் கனத்துக்கு வெள்ளைப் பூ தெரிந்தது. சீலை அடியிலிருந்து தள்ளி, பிஸ்டனை இறுக்கியது அதுதான். முதலில் அந்தப் பள்ளத்தைச் சுரண்டியது சவரியப்பனின் கை. டீ குடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனார், உண்மையில் வெட்கம். பரிமளம் பித்தளைக் கம்பியை வளைத்து ஒரு பகல் முழுக்கச் சுரண்டி, மறுபடி மாட்டினாள். இந்த முறை சக்கரம் ஆறு சுற்றுச் சுற்றியது.

பத்து நாளில் அந்த வெட்கம் ஆறிப்போனது, சட்டையும் தைத்து வந்துவிட்டது. ஏற்காட்டில் நாற்பது பழைய வண்டிகள் வரிசை கட்டி நிற்க, போஜராஜன் சாவியைத் தூக்கிப் பிடித்தார்.

“பிரேக் கட்டுனது யாரு? உங்க சுவத்து எழுத்துப்படி அவங்களே முதல்ல இறக்கட்டும்.”

மூவருக்கும் மலையில் வண்டி ஓட்டத் தெரியும். மூவருமே முன்னால் வந்தார்கள்.

“நான் பிஸ்டனை எடுக்கலேன்னா காலிப்பர் குப்பையில கிடந்திருக்கும்” என்றார் சவரியப்பன்.

“அண்ணே, நீங்க எடுத்தது பழைய பிஸ்டன். இப்ப உள்ள இருக்கறது என்னுது” என்றாள் தில்ஷாத்.

“எல்லாம் தனித்தனியா மேசை மேல கிடந்தா வண்டி நிக்குமா? கட்டுனது நான்” என்றாள் பரிமளம்.

ஒருவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஒருவர் இல்லாமல் மற்றவர் வேலை நடந்திருக்காது. சுவரில் உள்ள வரியை இன்னொரு தரம் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்: சாவி யாருக்கு?

விடை: உழைப்பை நிறுத்துப் பார்த்தால் பேரணி முடிந்த பிறகும் வழக்கு தீராது. அந்த வரி பரிசு கொடுக்க எழுதியதில்லை; சரியாகிவிட்டது என்று சொல்பவரைப் பிடித்து நிறுத்த எழுதியது. சவரியப்பன் அதைச் சொன்னது சக்கரம் ஒன்றரைச் சுற்றில் நின்ற அன்றைக்கு. தில்ஷாத் சொன்னது தன் பிஸ்டனுக்கு மட்டும். உரசிக்கொண்டே இறங்கியிருந்தால் சூடேறி ஆயில் கொதித்து, பாதி மலையிலேயே பிரேக் பிடிக்காமல் லீவர் வெறுமனே கையோடு வந்திருக்கும். மாட்டியதில் தன் பிழையும் இருக்கலாம் என்று திறந்து பார்த்து, முழுக் காலிப்பருக்கும் பொறுப்பேற்றவள் பரிமளம். சாவி அவளுக்குத்தான். சவரியப்பனுக்கும் இது அங்கேயே உறைத்தது. சாவியைத் தாமே வாங்கி அவள் கையில் வைத்தார்: “நான் முடிஞ்சுதுன்னு சொன்ன அன்னிக்கே இறங்கியிருந்தா, இங்க சண்டை போட நான் இருந்திருக்க மாட்டேன். போம்மா.” பிறகு தில்ஷாத்தோடு போஜராஜனின் ஜீப்பில் ஏறி, “முன்னால போறது எங்க பிரேக்” என்று வளைவுக்கு வளைவு நின்ற கூட்டத்திடம் கத்திச் சொல்லிக்கொண்டே பின்னால் இறங்கினார். இருபதாவது வளைவைத் தாண்டும்போது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.