தலைவன் வீட்டுக்கு மூன்று சுவடிகள்

ஊர்த்தலைவன் கொற்றவேளின் ஆள் வந்து சேதி சொல்லிவிட்டுப் போன பிறகு சேந்தன் சுவடி அடுக்குகளையே சுற்றிச் சுற்றி வந்தான்.

மலையடிவாரத்தில் ஒரு சுவடிக்கூடம். அதை நடத்தியவள் வேண்மாள், கதை எழுதுகிறவள். சேந்தன் அவளைவிட வயதில் மூத்தவன். கொற்றவேளின் படையில் வேல் பிடித்தவன். ஒரு போரோடு அதை உதறிவிட்டு, எழுத்துக் கற்றுக்கொள்ள வந்து அவளுக்குச் சீடனானான்.

சேதி இதுதான். வேல்களை அடுக்கத் தலைவனுக்கு ஒரு கற்கட்டடம் வேண்டும். ஊரில் சுவடிக்கூடத்தை விட்டால் வேறு இல்லை. ஆனாலும் ஒரு வாய்ப்புத் தருகிறான். வேண்மாள் தனக்குப் பிடித்த சுவடிகளில் மூன்றை எடுத்துக்கொண்டு நாளை கோட்டைக்கு வர வேண்டும். அவன் தாய்க்கு ஒன்று, அவனுக்கு ஒன்று, அவனுடைய சின்ன மகளுக்கு ஒன்று. அந்த வீட்டில் ஒருவருக்காவது அவை உதவினால் கூடம் பிழைக்கும்.

"எவற்றை எடுக்கட்டும், அம்மா?"

"நீரே எடும்."

"உங்களுக்குப் பிடித்தவற்றை அல்லவா கேட்டிருக்கிறார்?"

"இங்கே இருப்பதெல்லாம் எனக்குப் பிடித்ததுதான். பிடிக்காததை அவ்வப்போது அடுப்பில் போட்டுவிடுவேன்."

சேந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டை அவன் அறிவான். கொற்றவேளின் மகன் சென்ற போரில் விழுந்துவிட்டான். அன்றிலிருந்து கிழவி ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சின்னப் பெண் நங்கையிடம் மட்டும், அண்ணன் யானை பிடிக்கக் காட்டுக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவள் காதில் சாவு என்ற சொல்லே விழக்கூடாது என்பது தலைவனின் ஆணை. வாய் தவறிய பணிப்பெண் ஒருத்தி கசையடி பட்டு ஊரைவிட்டே போனாள்.

யோசித்து யோசித்து மூன்றை எடுத்தான். கிழவிக்கு, இறப்பைப் பற்றி ஒரு துறவி எழுதியது. தலைவனுக்குப் போர்முறை. குழந்தைக்கு, முதலையின் பல்லைத் திருடிய நரியின் கதை.

மறுநாள் கோட்டையின் உள்கூடத்தில் தலைவன் வீட்டார் மூவரும் இருந்தார்கள். கொற்றவேளின் வாள் மடியில் கிடந்தது.

சேந்தன் கிழவிக்கு வாசிக்கத் தொடங்கினான். அவள் காது கேட்காதவள்போல நங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை உயர்த்தினாள்.

"போதும். எனக்கே தெரிந்ததை எனக்கு எதற்குச் சொல்கிறாய்?"

நரிக் கதை வந்தபோது நங்கை பாய்நுனியில் கோரையை உருவிக்கொண்டிருந்தாள். நரி பல்லைத் திருடியது. அவள் தலை நிமிரவில்லை. சேந்தன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

போர்முறைச் சுவடியைத் தலைவன் தானே வாங்கிப் படித்தான். இரண்டு ஏடு தாண்டவில்லை. தரையில் போட்டான்.

"இதை எழுதியவன் ஒரு பிணத்தையும் தூக்கியிருக்கமாட்டான்."

சேந்தன் தலைகுனிந்தான். அது உண்மை என்பது அவனுக்கும் தெரியும்.

"மூன்றும் முடிந்தது. நாளைக்குள் கூடத்தைக் காலி செய்துவிடு" என்றான் கொற்றவேள்.

வேண்மாள் எழுந்தாள். கிழவியின் முன் கிடந்த சுவடியை எடுத்துக்கொண்டு நங்கைக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, வேண்டாம்" என்றான் சேந்தன் மெல்ல.

அவள் வாசித்தாள். "போனவர் திரும்ப மாட்டார். அவர் உட்கார்ந்த இடம் மட்டும் கொஞ்ச நாள் சூடாக இருக்கும்."

வாள் உறையைவிட்டு வெளியே வந்தது.

"நிறுத்து!"

வேண்மாள் நிறுத்தினாள். ஆனால் சுவடியை மூடவில்லை. கொற்றவேள் அவள் தலைக்கு மேல் நின்றான். சேந்தன் தன்னை அறியாமல் நடுவே போய் நின்றுவிட்டான். அவன் கையில் ஆயுதம் எதுவும் இல்லை.

பாய்நுனியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணன் யானை பிடிக்கப் போகலையா?"

நங்கை கோரையை விட்டுவிட்டுக் கிழவியின் பக்கம் திரும்பினாள்.

"அப்பத்தா, நீ சொல்லு."

கிழவி மகனைப் பார்த்தாள். அவன் வாளைப் பார்த்தாள். பிறகு பேத்தியிடம் கை நீட்டினாள்.

"இல்லடி கண்ணு. அண்ணன் சண்டையில செத்துட்டான்."

நங்கை அழுதுகொண்டே அவள் மடியில் விழுந்தாள். "எனக்குத் தெரியும். நீங்கள்லாம் பொய் சொல்றீங்கன்னு தெரியும்" என்று விம்மினாள். கிழவியும் அழுதாள். பேரன் இறந்த சேதி வந்த நாளில்கூட, பேத்தி கேட்டுவிடுவாளோ என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதவள் அவள். கொற்றவேளின் வாள்முனை தரையைத் தொட்டது.

நெடுநேரம் கழித்துக் கிழவி முகத்தைத் துடைத்துக்கொண்டு சேந்தனைக் கூப்பிட்டாள்.

"அந்த நரி என்ன ஆச்சு? பாதியில் விட்டுட்டியே."

அவன் சுவடியை எடுத்து வாசித்தான். பல்லில்லாத முதலை நண்டிடம் கஞ்சி கேட்ட இடத்தில் கிழவி தன் பொக்கைவாயைத் திறந்து சிரித்துவிட்டாள். நங்கை அந்த வாயை எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"அப்பத்தா, உனக்கும் கஞ்சிதானா?"

"கொண்டுவரச் சொல்லு, குடிக்கிறேன்."

பணிப்பெண்கள் ஓடினார்கள். கொற்றவேள் தாய் குடிப்பதைக் கடைசி மிடறுவரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாசலில் நின்ற காவலனிடம் சொன்னான்:

"வேல்களைக் குதிரை லாயத்தில் அடுக்குங்கள். சுவடிக்கூடத்தின் பக்கம் யாரும் போகக்கூடாது."

சேந்தன் தரையில் கிடந்த போர்முறைச் சுவடியை எடுத்துத் தூசி தட்டினான்.

நங்கை மடியிலிருந்து எழுந்து தகப்பனிடம் வந்தாள். அவன் வேட்டியைப் பற்றி இழுத்தாள்.

"அப்பா, அண்ணனைச் சண்டைக்குப் போகச் சொன்னது யாரு?"

அவன் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேண்மாளின் பக்கம் திரும்பினான்.

"எனக்குத் தந்தது சரியில்லை. வேறு கொடு. இவளுக்கு என்ன சொல்வது என்று எந்தச் சுவடியில் இருக்கிறது? எங்கே இருந்தாலும் ஆள் அனுப்பி எடுத்துவரச் செய்கிறேன்."

வேண்மாள் ஏடுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினாள்.

"எந்தச் சுவடியிலும் இல்லை, தலைவரே. அவள் உங்களைத்தான் கேட்டாள்."